கடலில் இல்லாத கப்பல் பட்டினம்

போன இதழில் இந்தியக் கடற்படையின் 'விக்கிரமாதித்யா' விமானந்தாங்கிக் கப்பல் உக்ரைனில் உள்ள மிக்கோலாயிவ் என்ற ஊரில் கட்டப்பட்டது என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதினேன். அந்த ஒரு வரிக்கு வந்து குவிந்த கேள்விகளைப் பார்த்தால், நம்ம சமையல் பக்கத்துக்கே கொஞ்சம் பொறாமையாக இருக்கும். அதனால் இந்த முறை முழுக்க முழுக்க மிக்கோலாயிவ்தான். மற்ற கேள்விகள் அனுப்பியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கப்பல் கட்டுகிற ஊர் என்றால் கடற்கரையில்தானே இருக்கும்? ஆனால் வரைபடத்தில் உள்ளே தள்ளி இருக்கிறதே? (தட்டோன் வாசகர்)

சரியாகத்தான் பார்த்திருக்கிறீர்கள் ஐயா. கருங்கடலிலிருந்து ஏறக்குறைய 65 கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. உக்ரைனின் தெற்கே, ஒடேசாவிலிருந்து வடகிழக்காகச் சுமார் 130 கிலோமீட்டர். தெற்கு பூக் என்ற பெரிய ஆறும் இன்ஹுல் என்ற சின்ன ஆறும் சேருகிற இடம். இரண்டும் நேராக வந்து சேராமல் வளைந்து நெளிந்து ஊரைச் சுற்றிக்கொள்வதால் வரைபடத்தில் பார்த்தால் ஒரு தீபகற்பம் மாதிரி இருக்கும். பூக் அங்கே வரும்போது ஆறு என்ற நிலையைத் தாண்டி அகலமான கழிமுகமாகிவிடுகிறது. அதன் மேல் 1964-ல் திறந்த வர்வாரிவ்கா பாலம் 2 கிலோமீட்டருக்கும் மேல் நீளம், பெரிய கப்பல் வந்தால் பாலத்தின் ஒரு துண்டு அப்படியே பக்கவாட்டில் சுழன்று வழிவிடும், அதுவரை லாரியும் பேருந்தும் இரண்டு பக்கமும் காத்துக்கிடக்க வேண்டியதுதான்.

ரங்கூனில் இருப்பவர்களுக்கு இந்த அமைப்பை அதிகம் விளக்க வேண்டாம். நம்ம ஊரும் துறைமுகம்தான், ஆனால் ஸ்ட்ராண்டு ரோட்டில் நின்றுகொண்டு கடலைப் பார்க்க முடியுமா? எலிபன்ட் பாயிண்ட் வரை ஆற்றோடு இறங்கிப் போனால்தான் கடல். ஆற்றுக்குள் ஒளிந்திருக்கிற துறைமுகத்துக்குப் புயல் பயம் குறைவு, எதிரிக் கப்பலும் லேசில் நெருங்க முடியாது. ஆனால் வெளியே போக ஒரே வாசல். மிக்கோலாயிவுக்கு அந்த வாசல் ஒச்சாக்கிவ். வடகரையில் ஒச்சாக்கிவ் ஊர், எதிர்க்கரையில் கின்பர்ன் என்ற மெலிந்த மணல்திட்டு, நடுவில் சில கிலோமீட்டர் தண்ணீர். பூக் ஆறும் தினிப்ரோ ஆறும் கொண்டுவருகிற தண்ணீர் அத்தனையும் அந்தச் சந்து வழியாகத்தான் கடலுக்குப் போகிறது, கப்பலும் அப்படித்தான். ஊர் பிறந்ததும் செழித்ததும் முடங்கியதும் அந்தச் சந்து யார் கையில் இருந்தது என்பதைப் பொறுத்துத்தான். கீழே வருகிற பதில்களில் ஒச்சாக்கிவும் கின்பர்னும் திரும்பத் திரும்ப வரும், சலித்துக்கொள்ளாதீர்கள்.

அது பழைய ஊரா, புதிய ஊரா? யார் கட்டியது? (மௌலமையின் வாசகி)

அந்தக் கழிமுகக் கரையில் மனிதர்கள் குடியிருந்தது மிகப் பழைய காலத்திலிருந்து. ஊருக்குத் தெற்கே பருத்தினே என்ற கிராமத்துப் பக்கம் ஒல்பியா என்ற கிரேக்க நகரத்தின் இடிபாடுகள் இருக்கின்றன. இன்றைய துருக்கிக் கரையில் இருந்த மிலேத்தஸ் என்ற நகரத்துக்காரர்கள் கி.மு. 6-ம் நூற்றாண்டு வாக்கில் வந்து குடியேறி, உள்நாட்டுக் கோதுமையைக் கப்பலேற்றிப் பிழைத்த இடம். இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷம் கழித்தும் அந்தப் பக்கத்தில் அதே பிழைப்புதான் என்பது வேடிக்கை.

மிக்கோலாயிவ் அப்படித் தானாக வளர்ந்த ஊர் அல்ல அம்மா, உத்தரவு போட்டுக் கட்டிய ஊர். 1787-லிருந்து 1791 வரை ரஷ்யாவுக்கும் துருக்கிக்கும் சண்டை. ஒச்சாக்கிவ் கோட்டை அப்போது துருக்கி சுல்தான் கையில். கருங்கடலுக்குப் போர்க்கப்பல் கட்ட வேண்டும் என்று ரஷ்ய அரசி கத்தரீனின் தளபதி பொத்தெம்கின் துடித்தார், ஆனால் வாசலில் துருக்கிக்காரன் பீரங்கியோடு உட்கார்ந்திருந்தால் கட்டின கப்பலை எப்படி வெளியே எடுப்பது? 1788 டிசம்பரில், புனித நிக்கோலாஸ் திருநாளன்று, கடும் குளிரில் ரஷ்யப் படை கோட்டையைப் பிடித்தது. அந்தப் புனிதரின் பெயரையே ஊருக்கு வைத்து 1789 ஆகஸ்ட் 27-ம் தேதி பொத்தெம்கின் உத்தரவு எழுதினார். உத்தரவு வருவதற்கு முன்பே கப்பல் தளத்து வேலை ஆரம்பமாகிவிட்டது. வேலையை நின்று நடத்தியவர் ஃபலேயெவ், அவரைத்தான் ஊரின் முதல் குடிமகன் என்கிறார்கள். இவான் ஸ்தாரோவ் என்ற கட்டடக் கலைஞர் நேர்கோட்டுத் தெருக்களாகத் திட்டம் வரைந்தார். 1790-ல் முதல் போர்க்கப்பல் தண்ணீரில் இறங்கியது, அதற்கும் பெயர் 'புனித நிக்கோலாய்'. 1794-ல் கருங்கடல் கடற்படையின் நிர்வாகமே பக்கத்து ஊரான கெர்சனிலிருந்து இங்கே வந்துவிட்டது. மாலுமிகளும் தச்சர்களும் அதிகாரிகளும் கயிறு திரிப்பவர்களும் சேர்ந்ததுதான் ஊர்.

அப்புறம் கிரிமியப் போர். 1855 அக்டோபர் 17-ம் தேதி ஆங்கிலேய, பிரெஞ்சுக் கப்பல்கள் வந்து கின்பர்ன் கோட்டையை அடித்து நொறுக்கின. இரும்புக் கவசம் போர்த்திய மூன்று பிரெஞ்சு மிதவைகள் அன்றைக்குச் சண்டையில் இறங்கின. மரக் கப்பலின் காலம் முடிகிறது என்று உலகக் கடற்படைகள் உணர்ந்துகொண்ட நாள்களில் அதுவும் ஒன்று. அடுத்த வருஷம் பாரிஸ் உடன்படிக்கையில் கருங்கடலில் ரஷ்யா கடற்படை வைத்துக்கொள்ளக்கூடாது என்று எழுதிவிட்டார்கள். கப்பல் கட்டத்தான் ஊர், கப்பலே கூடாது என்றால்? கொஞ்ச காலம் ஈ ஓட்டினார்கள். 1862-ல் வெளிநாட்டு வணிகக் கப்பல்களுக்குத் துறைமுகத்தைத் திறந்துவிட்டார்கள், 1873-ல் ரயில் வந்தது, கோதுமை வந்தது, ஊர் பிழைத்துக்கொண்டது.

விக்கிரமாதித்யா தவிர வேறு என்னென்ன கப்பல்கள் அங்கே கட்டினார்கள்? (பசுண்டவுங்கிலிருந்து, ஓய்வு பெற்ற கப்பல் ஊழியர்)

ஐயா, இதை எழுத ஆரம்பித்தால் பக்கம் போதாது. சினிமாவால் உலகப் புகழ் பெற்ற 'பொத்தெம்கின்' போர்க்கப்பல், 1905-ல் புழுத்த மாமிசத்தை வைத்துக் கலகம் வெடித்ததே, அது இந்த ஊரில்தான் 1900-ல் தண்ணீரில் இறங்கியது. சோவியத் காலத்தில் கட்டிய விமானந்தாங்கிகள் அத்தனையும் இந்த ஊர்தான். கியெவ், மின்ஸ்க், நோவோரசீஸ்க், பாக்கு, இப்போதும் ரஷ்யாவிடம் பெயருக்கு இருக்கிற குஸ்னெத்சோவ், எல்லாமே கருங்கடல் கப்பல் கட்டும் தளத்தில் பிறந்தவை. ஒவ்வொன்றும் 900 டன் தூக்குகிற இரண்டு பெரிய கிரேன்களைப் பின்லாந்திலிருந்து வாங்கி நிறுத்தியிருந்தார்கள். இவ்வளவும் நடக்கிற ஊருக்குள் வெளிநாட்டார் யாரும் கால் வைக்க முடியாது, சோவியத் காலத்தில் அது மூடிய நகரம்.

1991-ல் சோவியத் யூனியன் உடைந்தது. பாதியில் நின்ற கப்பல்களுக்குப் பணம் கொடுக்க ஆள் இல்லை. அணுசக்தியில் ஓட வேண்டிய 'உல்யானோவ்ஸ்க்' 1992-ல் தளத்திலேயே துண்டு துண்டாக வெட்டப்பட்டு இரும்பு விலைக்குப் போனது. மின்ஸ்கும் கியெவும் சீனாவில் டிக்கெட் வாங்கிப் பார்க்கிற பொழுதுபோக்குப் பூங்காக்களாயின. 'பாக்கு' பெயர் மாறி 'கோர்ஷ்கோவ்' ஆகி, 2004-ல் இந்தியா வாங்கி, ரஷ்யாவின் வடகோடியில் வருஷக்கணக்கில் பழுதுபார்த்து 2013 நவம்பரில் 'விக்கிரமாதித்யா' ஆனது. பாதிக்கு மேல் முடிந்திருந்த 'வர்யாக்' கதைதான் எல்லாவற்றிலும் சுவாரசியம். 1998-ல் 2 கோடி டாலருக்கு ஏலம் எடுத்தவர்கள் மக்காவில் மிதக்கும் சூதாட்ட விடுதி வைக்கப்போகிறோம் என்றார்கள். 2012-ல் அது சீனக் கடற்படையின் முதல் விமானந்தாங்கி 'லியாவ்னிங்' ஆக வந்து நின்றது. நம்புகிறவர்கள் நம்பலாம்.

இந்தியாவுக்கு இந்த ஊர் விக்கிரமாதித்யாவோடு முடிந்துவிடவில்லை. 1980-லிருந்து வந்த 'ராஜ்புத்' வகை நாசகாரிக் கப்பல்கள் ஐந்தும் மிக்கோலாயிவில் உள்ள இன்னொரு தளத்தில், '61 கம்யூனார்' தளத்தில், கட்டியவை. இந்தியாவிலேயே கட்டிய டெல்லி வகை, கொல்கத்தா வகைக் கப்பல்களை ஓட்டுகிற காஸ் டர்பைன்கூட இந்த ஊர் சோர்யா தொழிற்சாலையில் செய்தது. அதே 61 கம்யூனார் தளத்தில் பிறந்த இன்னொரு கப்பல் 'மாஸ்க்வா' குரூசர், அதாவது பெரிய போர்க்கப்பல். 2022 ஏப்ரலில் உக்ரைன் ஏவுகணை அடித்துக் கருங்கடலில் மூழ்கியது அதுதான். அதன் கூடப்பிறந்த 'உக்ரைனா' 1990-ல் தண்ணீரில் இறங்கி, வேலை முடியாமலே ஊர்க்கரையில் துருப்பிடித்துக் கிடந்தது. விமானந்தாங்கிகள் கட்டிய கருங்கடல் தளம் கடனில் மூழ்கி 2021-ல் மூடப்பட்டுவிட்டது.

வர்யாக்கைத் துருக்கி தடுத்து நிறுத்தியது என்று படித்தேன். வேறு நாட்டுக் கப்பலைத் தடுக்க அவர்களுக்கு என்ன உரிமை? (யாங்கோன், கல்லூரி மாணவர்)

உரிமை காகிதத்தில் இருக்கிறது தம்பி. ஒச்சாக்கிவைத் தாண்டினால் கருங்கடல், அங்கிருந்து உலகக் கடலுக்குப் போகத் துருக்கியின் பாஸ்பரஸ், டார்டனெல்ஸ் நீர்ச்சந்திகள். வாசலுக்கு வெளியே இன்னொரு வாசல். 1936-ல் சுவிட்சர்லாந்தில் உள்ள மாந்த்ரோவில் போட்ட ஒப்பந்தப்படி அந்தச் சந்திகளில் போர்க்கப்பல் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு, விமானந்தாங்கிகளுக்கு அதில் இடமே கிடையாது. அதனால்தான் சோவியத்காரர்கள் தங்கள் கப்பல்களை விமானந்தாங்கி என்று ஒருநாளும் எழுதவில்லை, 'விமானம் ஏற்றிய குரூசர்' என்று எழுதி, கனமான ஏவுகணைகளையும் வைத்துத் தப்பித்துக்கொண்டார்கள். வர்யாக்குக்கு எஞ்சினும் ஓடாது, சுக்கானும் இல்லை. இழுவைக் கப்பல் கட்டி இழுத்துக்கொண்டுதான் போக வேண்டும். இவ்வளவு பெரிய இரும்பு மலை பாஸ்பரஸில் மாட்டிக்கொண்டால் என்ன ஆவது என்று துருக்கி ஒரு வருஷத்துக்கும் மேல் கருங்கடலிலேயே நிறுத்திவைத்து, சீனா பேசிப் பேசி, 2001 நவம்பர் முதல் தேதிதான் விட்டது.

ஆறு ஓடுகிற ஊரில் குழாயில் உப்புத் தண்ணீர் வந்தது என்று செய்தியில் காட்டினார்கள். ஏன் அப்படி? (டாலா வாசகி)

இதை டாலாவிலிருந்து கேட்கிறீர்கள் பாருங்கள். ஆற்றங்கரையில் இருந்துகொண்டே சித்திரை வெயிலில் குடிதண்ணீருக்குக் குளத்தையும் தண்ணீர் லாரியையும் பார்த்து நிற்பது உங்களுக்குத் தெரிந்ததுதான்.

மிக்கோலாயிவ் பக்கம் புல்வெளிச் சமவெளி, மழை வருஷத்துக்கு 500 மில்லிமீட்டர்கூடக் கிடையாது. ஊர் முன்னால் இருக்கிற கழிமுகத்தில் கடல் உப்பு ஏறி வரும், அந்தத் தண்ணீர் குடிக்க ஆகாது. அதனால் கெர்சன் பக்கம் தினிப்ரோ ஆற்றிலிருந்து நீளமான குழாய் போட்டு நல்ல தண்ணீர் கொண்டுவந்தார்கள். 2022 பிப்ரவரியில் ரஷ்யப் படை உள்ளே வந்து, மார்ச்சில் மிக்கோலாயிவின் விளிம்பு வரை வந்து, அங்கே முறியடிக்கப்பட்டது. அந்தப் படை ஊரைத் தாண்டியிருந்தால் அடுத்தது ஒடேசா. மார்ச் 29-ம் தேதி மாவட்ட ஆட்சியகக் கட்டடத்தில் ஏவுகணை விழுந்து நடுவில் மேலிருந்து கீழ்வரை பொத்தல் போட்டதைப் படத்தில் பார்த்திருப்பீர்கள், 37 பேர் செத்தார்கள். ஏப்ரல் 12-ம் தேதி அந்தத் தண்ணீர்க் குழாய் சண்டை நடந்த பகுதியில் உடைந்தது. ஏறக்குறைய ஒரு மாதம் குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. அப்புறம் வேறு வழியில்லாமல் கழிமுகத்துத் தண்ணீரையே ஊர்க் குழாயில் விட்டார்கள். மஞ்சளாக வரும், வாயில் வைக்க முடியாது, கழுவவும் கக்கூசுக்கும்தான். உப்பு பழைய இரும்புக் குழாய்களை அரித்து, இன்றைக்கு இந்தத் தெருவில் உடைந்தால் நாளைக்கு அடுத்த தெருவில் உடையும். தெருமுனைகளில் சுத்திகரிப்பு நிலையங்கள் வைத்தார்கள், ஜனங்கள் 5 லிட்டர், 6 லிட்டர் பிளாஸ்டிக் கேன்களைத் தள்ளுவண்டியிலும் குழந்தை வண்டியிலும் வைத்து நிரப்பிப் போனார்கள். 2022 நவம்பரில் ரஷ்யப் படையிடமிருந்து கெர்சன் மீண்டு பீரங்கிச் சத்தம் தள்ளிப்போன பிறகும் உப்புத் தண்ணீர் வருஷக்கணக்கில் தொடர்ந்தது. ஊரைச் சீர்படுத்த டென்மார்க் அரசு தனியாகப் பொறுப்பெடுத்துக்கொண்டு உதவியது.

உக்ரைன் கோதுமை கப்பலில் திரும்பவும் வெளியே போகிறது என்றார்களே, மிக்கோலாயிவிலிருந்தும் போனதா? (பெகு, மாவு வியாபாரி)

இல்லை. 2022 ஜூலையில் ஐ.நா.வும் துருக்கியும் நடுவில் நின்று செய்த தானிய ஒப்பந்தத்தில் ஒடேசா, சோர்னோமோர்ஸ்க், பிவ்தென்னி என்று மூன்று துறைமுகங்கள்தான். மூன்றும் திறந்த கடல்மேல் இருப்பவை. மிக்கோலாயிவ் போருக்கு முன் நாட்டின் முக்கியமான தானியத் துறைமுகங்களில் ஒன்று, ஆனால் வாசலில் இருக்கிற கின்பர்ன் ரஷ்யப் படை கைக்குப் போய்விட்டதால் பட்டியலில் சேரவில்லை. 1788-க்கும் 2022-க்கும் பெயர்கள்தான் வேறு. ஒப்பந்தம் கையெழுத்தான அதே மாதம் 31-ம் தேதி, ஊரின் பெரிய தானிய நிறுவனமான நிபுலோனை நிறுவிய ஒலெக்சி வதத்தூர்ஸ்கியும் அவர் மனைவியும் வீட்டில் ஏவுகணை விழுந்து இறந்தார்கள்.

கப்பல், சண்டை தவிர அந்த ஊரில் ஒன்றுமே இல்லையா? (சிரியம் வாசகி)

இருக்கிறதே. 1821-ல் ஆரம்பித்த வான் ஆய்வுக்கூடம் இருக்கிறது, மாலுமிகளின் கடிகாரத்தையும் கடல் வரைபடத்தையும் சரிபார்க்கக் கடற்படை கட்டியது. 1901-ல் மீன் காட்சிச்சாலையாகத் தொடங்கிய மிருகக்காட்சிச்சாலை இருக்கிறது. பின்னாளில் ரஷ்யப் புரட்சித் தலைவர்களில் ஒருவரான திராட்ஸ்கி இளைஞராகப் படிப்பை முடிக்க வந்து, தொழிலாளர் சங்கம் கட்டி, 1898-ல் முதன்முதலாகக் கைதானதும் இந்த ஊரில்தான். பெரிய யூத சமூகம் இருந்த ஊர். உலகம் முழுக்கப் பின்பற்றுவோர் உள்ள லுபாவிச் குரு மெனாகெம் ஷ்னியர்சன் 1902-ல் பிறந்தது இங்கே. 1941 ஆகஸ்டில் ஜெர்மன் படை புகுந்தது, அடுத்த மாதமே ஊர் யூதர்களைக் கூட்டிப்போய்ச் சுட்டுக் கொன்றார்கள்.

என்னிடம் உள்ள பழைய உலக வரைபடத்தில் மிக்கோலாயிவ் என்று ஒரு ஊரே இல்லையே? (மேமியோ வாசகர்)

நிக்கோலாயெவ் என்று தேடிப் பாருங்கள், பழைய வரைபடங்களில் ரஷ்யப் பெயர்தான் இருக்கும். நாட்டின் மேற்கே, லிவிவ் நகரத்துக்குப் பக்கத்தில், மிக்கோலாயிவ் என்று ஒரு சின்ன ஊர் உண்டு, அதில் விரலை வைத்துவிடாதீர்கள். ஒடேசாவையும் கெர்சனையும் கண்டுபிடித்துவிட்டால் இரண்டுக்கும் நடுவில், கொஞ்சம் வடக்கே.