தீபாவளி மழையும் திங்கட்கிழமை வசூலும்

அன்புள்ள ஐயா,

தீபாவளிக்கு வந்த பெரிய நடிகர் படம் எங்கள் ஊரில் மூன்றே நாளில் படுத்துவிட்டது. "அடைமழை கெடுத்துடுச்சு" என்கிறார் தியேட்டர்காரர். "படம் நல்லா இல்லைன்னு வாட்ஸ்அப்பில் பரவிடுச்சு" என்கிறார்கள் பையன்கள். இவ்வளவு விளம்பரம் செய்தும் ஏன் இப்படி? மழையா, பேச்சா, எப்படிக் கண்டுபிடிப்பது?

– ஒரு வாசகர், மயிலாடுதுறை

அன்புள்ள நண்பருக்கு,

கண்டுபிடிக்கலாம். வசூல் கணக்கில் மழை விடும் தடம் வேறு, பேச்சு விடும் தடம் வேறு.

போஸ்டர், டிரெய்லர், பாட்டு, டிவி பேட்டி எல்லாம் சேர்ந்து வெள்ளி, சனி, ஞாயிறு டிக்கெட்டை விற்றுக்கொடுக்கும். கூடவே, படம் எப்படி இருக்கும் என்று ஓர் எண்ணத்தையும் ஏற்றிவிடும். பார்த்துவிட்டு வருபவர் அந்த எண்ணத்தோடு ஒப்பிட்டுத்தான் பேசுவார். சுமாரான படத்துக்கு ஒன்றும் எதிர்பார்க்காமல் போனவர் "பரவாயில்லை, போய்ப் பாரு" என்பார். அதே படத்தைக் கொட்டி முழக்கியிருந்தால் "இதுக்கா இவ்வளவு?" என்பார். குடும்பக் கதைக்குச் சண்டைப் படம் போல டிரெய்லர் வெட்டுவது இதில் பெரிய தப்பு. முதல் நாள் வருவது சண்டை பார்க்க வந்த கூட்டம். ஊருக்குள் முதல் பேச்சை விதைப்பதும் அவர்கள்தான்.

பொருளாதார அறிஞர் என்ரிகோ மொரெட்டி 2011-இல் அமெரிக்கத் திரைப்பட வசூலை வைத்து இதை ஆராய்ந்தார். ஒரு படத்துக்கு எத்தனை திரை ஒதுக்கினார்கள் என்பதைத் தொழிலின் கணிப்பாக எடுத்துக்கொண்டார். முதல் வார இறுதி வசூல் அந்தக் கணிப்பை மிஞ்சிய படங்கள் அடுத்த வாரங்களில் மெதுவாக இறங்கின. கணிப்புக்குக் கீழே போனவை மளமளவென்று சரிந்தன. உங்கள் கேள்விக்கு வேண்டியது இனிமேல்தான் வருகிறது. தொடக்க வசூல் வானிலையால் குறைந்திருந்தால் அந்தச் சரிவு அடுத்த வாரங்களுக்குத் தொடரவில்லை. மழைக்கு வீட்டிலேயே இருந்தவர் படத்தைப் பற்றி யாரிடமும் குறை சொல்லியிருக்க மாட்டார், அல்லவா?

ஆகவே மழை விட்ட முதல் நாளைப் பாருங்கள். மயிலாடுதுறையில் கொட்டி, திருச்சியில் காய்ந்திருந்தால் இரண்டு ஊர் கணக்கையும் பக்கத்தில் வையுங்கள். திருச்சியிலும் திங்கள் வசூல் வெள்ளியில் பாதிக்குக் கீழே போயிருந்தால் மழையைக் குற்றம் சொல்ல முடியாது. ஒரே நாளுக்குள்ளும் தெரியும். சாதாரண வெள்ளிக்கிழமையில் மேட்னியைவிட மாலைக் காட்சிக்குக் கூட்டம் கூட வேண்டும். காலை 9 மணிக் காட்சி இடைவேளையிலேயே ஸ்டேட்டஸ் போட்டுவிடுகிறார்கள். மழையில்லாத வெள்ளியன்று மாலைக் காட்சி மேட்னியைவிட இளைத்தால் அது பேச்சின் வேலை. பால்கனியையும் கவனியுங்கள். ரசிகர்கள் எப்படியும் வருவார்கள். சனிக்கிழமை பால்கனியில் பெண்களும் பிள்ளைகளும் இல்லையென்றால் பூம்புகார் பஸ்ஸில் யாரோ "கடைசி அரைமணி நேரம் ஒரே இழுவை" என்று சொல்லிவிட்டார்கள் என்று அர்த்தம்.

தியேட்டர்காரர் மழையைப் பிடித்துக்கொள்வதற்குக் காரணம் பணம். கணக்குக்காக 600 இருக்கை, வரி போக டிக்கெட்டுக்கு 100 ரூபாய், நாளைக்கு 4 காட்சி என்று வைப்போம். பங்கு விநியோகஸ்தருக்கு 70, தியேட்டருக்கு 30. மினிமம் கியாரண்டி, அதாவது படம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் விநியோகஸ்தருக்குத் தியேட்டர் தந்தாக வேண்டிய தொகை, 8 லட்சம். மூன்று நாளும் ஹவுஸ்ஃபுல் என்றாலே 7,200 டிக்கெட், விநியோகஸ்தர் பங்கு 5,04,000 ரூபாய். மீதி 2,96,000 திங்கள் முதல் வியாழன் வரை 16 காட்சியில் வர வேண்டும். அதற்குக் காட்சிக்கு 265 பேர் தேவை. 90 பேர்தான் வருகிறார்கள் என்றால் வியாழன் முடிவில் 1,95,200 ரூபாய் துண்டு விழும். வெறும் அட்வான்ஸாக இருந்தால் அதை விநியோகஸ்தரிடம் திரும்பக் கேட்கலாம். மினிமம் கியாரண்டி என்றால் அது தியேட்டர் தலையில். விளம்பரத்தை நம்பி விலை பேசியவருக்குப் பேச்சு தரும் அடி இதுதான்.

இந்தப் பயத்தில்தான் நல்ல படங்களும் பலியாகின்றன, எனக்கு அதுதான் வருத்தம். ஐப்பசி மழையில் தொடக்கம் படுத்த சின்னப் படத்துக்கு செவ்வாய், புதனில் பேச்சு கிளம்பும். வியாழனுக்குள் காட்சிகளை அடுத்த படத்துக்குக் கொடுத்திருப்பார்கள். சொல்லக் கேட்டு குத்தாலத்திலிருந்தும் செம்பனார்கோயிலிலிருந்தும் வருபவர் வாசலில் வேறு போஸ்டரைப் பார்த்துவிட்டுத் திரும்புவார்.

சின்னப் படம் எடுப்பவர்கள் விளம்பரப் பணத்தை வெள்ளிக்கு முன்பே கரைத்துவிடக் கூடாது. மூன்றில் ஒரு பங்கையாவது சனிக்கிழமைக்குப் பிறகு செலவழிக்க வைத்திருக்க வேண்டும். தியேட்டர் பெயரும் காட்சி நேரமும் பெரிதாகப் போட்ட 'இரண்டாவது வாரம்' போஸ்டர், கிராமங்களுக்கு மைக் கட்டிய ஆட்டோ, இவை அப்போதுதான் பலன் தரும். தியேட்டரில் நாலு காட்சியும் கேட்க வேண்டாம். இரண்டாம் வாரத்துக்கு மாலைக் காட்சி ஒன்றைக் கேட்டு வாங்கினால் போதும். இரவுக் காட்சி முடிந்தால் ஊர் திரும்ப டவுன் பஸ் இருக்காது. குடும்பங்கள் அதற்கு வர மாட்டார்கள்.