கழற்றும் முன் சோதித்துப் பாருங்கள்: பழைய கார்களின் புகைக் கட்டுப்பாட்டுப் பாகங்கள்

சுங்கை சிப்புட் வட்டாரத்திலிருந்து வந்த கேள்விகளில் நான்கு.

கேள்வி: புரோட்டோன் வீரா 1.5, இஞ்செக்‌ஷன். தோட்டத்து மேட்டில் இழுப்பதே இல்லை. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் (எக்ஸோஸ் புகையைச் சுத்தம் செய்யும் டப்பா) அடைத்திருக்கும், உள்ளே இருப்பதை இடித்துக் கொட்டிவிடலாம் என்கிறார் வொர்க்‌ஷாப்காரர். செய்யலாமா?

பதில்: அடைத்திருக்கிறதா என்று முதலில் அளக்கச் சொல்லுங்கள். இன்டேக் மேனிஃபோல்டில் வேக்குவம் கேஜ் (வெற்றிடத்தைப் பாதரச அங்குலத்தில் அளக்கும் கருவி) மாட்டினால், சூடான நல்ல இன்ஜின் ஐடிலில், அதாவது எக்ஸிலேட்டரை மிதிக்காமல் ஓடும்போது, 17 முதல் 21 அங்குலம் காட்டும். பிறகு 2,500 ஆர்பிஎம்மில் அப்படியே பிடித்து வையுங்கள். முள் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போனால் எக்ஸோஸில் அடைப்பு. அசையாமல் நின்றால் கன்வெர்ட்டர் மேல் பழி போடாதீர்கள். பெட்ரோல் ஃபில்டர், பிளக், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி என்று தேடுங்கள்.

அடைப்புதான் என்றாலும் காரணம் வேறு இடத்தில் இருக்கும். ஒரு சிலிண்டர் மிஸ்ஃபயர் ஆனால், எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிகிறது. அந்தச் சூட்டில் உள்ளிருக்கும் பீங்கான் உருகி வழியை மூடுகிறது. பிளக் வயரைப் பார்க்காமல் புதியது போட்டால் அதுவும் அதே கதிதான். இடித்துக் கொட்டுவதைப் பற்றி: மலேசியாவின் 1974-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்கீழ் வந்த 1996 விதிகள் பெட்ரோல் வண்டிப் புகைக்கு வரம்பு வைத்திருக்கின்றன. வெற்று டப்பாவோடு அந்தச் சோதனையில் தேறுவது சிரமம். ஹாஃப் கட் கடையில் (பழைய கார்களை வெட்டிப் பாகம் விற்கும் கடை) வாங்குவதானால் குலுக்கிப் பாருங்கள். கலகலவென்றால் உள்ளே உடைந்திருக்கிறது.

கேள்வி: ஈஜிஆர் வால்வைத் தகரம் வைத்து அடைத்தோம். இப்போது மேடு ஏறும்போது இன்ஜின் தட்டுகிறது.

பதில்: எதிர்பார்க்க வேண்டியதே. எரிந்த வாயுவில் கொஞ்சத்தைத் திருப்பி அனுப்பி எரியறையின் சூட்டைக் குறைப்பதுதான் அதன் வேலை. அந்தக் கணக்கை வைத்துத்தான் இக்னிஷன் டைமிங்கும் அமைந்திருக்கிறது. தகரத்தை எடுத்துவிட்டு, சூடான இன்ஜின் ஐடிலில் ஓடும்போது கைப் பம்பால் வால்வுக்கு 10 அங்குல வேக்குவம் கொடுங்கள். இன்ஜின் திணறவேண்டும், இல்லை நிற்கவேண்டும். ஒன்றும் நடக்காவிட்டால் பாதையில் கரி. கழற்றிச் சுரண்டி, கார்ப் கிளீனர் அடித்து, புது கேஸ்கெட்டோடு மாட்டுங்கள். பம்பின் முள் நிற்காமல் விழுந்தால் டயஃப்ரம் (வால்வுக்குள் இருக்கும் சவ்வு) கிழிந்தது, வால்வை மாற்றவேண்டியதுதான். எக்ஸோஸ் அழுத்தம் இருந்தால் மட்டும் திறக்கும் வகை வால்வும் உண்டு. அது ஐடிலில் கைப் பம்புக்கு அசையாது, டயஃப்ரம் நன்றாக இருந்தாலும் வேக்குவத்தையும் பிடிக்காது. அதை வைத்துக் கெட்டது என்று முடிவு கட்டாதீர்கள்.

கேள்வி: கஞ்சில் 660. ஏர் ஃபில்டரில் எண்ணெய். பிசிவி குழாயை (இன்ஜின் அடிப்பாகத்து ஆவியை இன்டேக்குக்கு அனுப்பும் குழாய்) கழற்றிக் கீழே தொங்கவிடலாமா?

பதில்: வேண்டாம். மேனிஃபோல்டில் திறந்த துளை வழியாகக் காற்று புகுந்து ஐடில் தடுமாறும். துளையை மூடினாலோ, ஈரமும் ஆவியும் கிரேங்க் கேஸிலேயே (இன்ஜினின் அடிப்பாகம்) தங்கி எண்ணெய் சேறாகும். பிசிவி வால்வைக் கழற்றிக் குலுக்குங்கள், டக் டக்கென்று சத்தம் வரவேண்டும். ஓடும்போது அதன் வாயில் விரல் வைத்தால் இழுக்கவேண்டும். இரண்டும் சரி, இன்னும் எண்ணெய் வருகிறதென்றால் பிஸ்டன் ரிங்கைச் சந்தேகப்படுங்கள். கம்ப்ரெஷன் பாருங்கள், குறைவாக வரும் சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் ரிங்தான். அதற்குக் குழாயைக் கழற்றுவது மருந்தாகாது.

கேள்வி: பழைய சாகா. அரை மணி நேரம் ஓடினால் நின்றுவிடும். பெட்ரோல் மூடியைத் திறந்தால் உஸ்ஸென்று சத்தம், பிறகு ஓடுகிறது.

பதில்: சார்க்கோல் கேனிஸ்டரை (டேங்கின் பெட்ரோல் ஆவியைப் பிடித்து வைக்கும் கரி டப்பா) கழற்றி எறிந்துவிட்டு, டேங்கிலிருந்து வரும் குழாயில் யாரோ போல்ட்டைச் சொருகியிருப்பார்கள். டேங்க் மூச்சுவிட அதுதான் வழி. அது மூடினால் உள்ளே வெற்றிடம் உண்டாகி பெட்ரோல் வராது. கேனிஸ்டரைத் திரும்பப் போடுங்கள். வாங்கும் முன் டேங்க் பக்கக் குழாயில் மெதுவாக ஊதுங்கள், காற்று வெளிக்காற்றுத் துளை வழியே வரவேண்டும். உறிஞ்சிப் பார்க்காதீர்கள். பெட்ரோல் வாடை பலமாக அடித்தால், அளவுக்கு மீறி நிரப்பி நிரப்பி நனைந்துபோன கேனிஸ்டர் அது, விட்டுவிடுங்கள். குழாய் பெட்ரோலுக்கென்று விற்பதாக இருக்கட்டும், தண்ணீர்க் குழாய் சில வாரங்களில் இளகிவிடும். செம்பனை ஓரம் வண்டி நிறுத்துபவர்கள் மெல்லிய வேக்குவம் குழாய்களையும் தடவிப் பாருங்கள், எலி கடித்திருக்கும்.