சிங்கப்பூர் டார்ம்ல (தொழிலாளர் விடுதில) பேச ஆளே இல்ல, வேலைய விட்டுடலாமா?

தம்பி, ரூம்ல தமிழ் பேச ஒருத்தரும் இல்ல, ஞாயித்துக்கிழமையும் சைட்டுக்கு கூப்பிடுறாங்க, கெளம்பி வந்துடலாமான்னு கேட்டிருக்கீங்க. ஏஜென்ட் கடன் கழுத்துல இருக்கப்போ அவசரப்பட்டு டிக்கெட் போட்டுடாதீங்க.

முதல்ல அந்த ஞாயித்துக்கிழமைய மீட்டெடுங்க, எனக்கு தெரிஞ்சு பாதி பாரம் அதுலதான் இருக்கு. அங்க சட்டப்படி வாரம் ஒரு நாள் லீவு உண்டு, ரொம்ப அவசர வேலைய தவிர வந்தே ஆகணும்னு கட்டாயப்படுத்த முடியாது, அவங்க கூப்பிட்டு அரை நாளுக்கு மேல வேல பார்த்தா 2 நாள் சம்பளம் தரணும். பே ஸ்லிப்ல லீவு நாள் வேலையும் ஓவர்டைமும் தனித்தனியா இருக்கான்னு பாருங்க, மாசாமாசம் அத போட்டோ எடுத்து வச்சுக்கங்க, நாளைக்கு மனிதவள அமைச்சுக்கு போக வேண்டி வந்தா அதான் பேசும்.

லீவு கெடச்சா ரூம்ல படுத்து போனையே பாத்துட்டு இருக்காதீங்கப்பா. கிராஞ்சி, பெஞ்சுரு பக்கம் தொழிலாளருக்குன்னே ரிக்ரியேஷன் சென்டர் இருக்கு, நம்மாளுங்க நெறைய வருவாங்க. ரூம்ல இருக்கிறவங்ககிட்டயும் பாஷை வரலன்னு ஒதுங்காதீங்க, கூட சேர்ந்து சமைங்க, பேச்சு தானா வரும்.

ராத்திரி தூக்கமே வரலன்னு எழுதினது மனச உறுத்துது. ஹெல்த்சர்வ்னு ஒரு தொண்டு அமைப்பு இருக்கு, கவுன்சலிங் குடுக்குறாங்க, 24 மணி நேர ஹெல்ப்லைனும் உண்டு, இன்னைக்கே கூப்பிடுங்க.

கம்பெனிதான் சரியில்லன்னா ஒர்க் பர்மிட் முடிய 40ல இருந்து 21 நாள் முன்னாடி, முதலாளி சம்மதம் இல்லாமலே வேற கம்பெனிக்கு மாறலாம். உங்க பர்மிட் எப்ப முடியுதுன்னு சொல்லுங்க, பார்ப்போம்.