வாசகர் கேள்வி – பதில்: பெயரோடு செய்தியும் வேண்டும்

காவலர் வீரவணக்க நாளைப் பற்றிப் பல வாசகர்கள் எழுதியிருப்பதால், இந்த இதழின் பக்கத்தை அந்தக் கேள்விகளுக்கு மட்டுமே ஒதுக்கியிருக்கிறோம்.

அக்டோபர் 21 ஏன் வீரவணக்க நாளாயிற்று என்று மாணவர்கள் கேட்கிறார்கள். எப்படி விளக்கலாம்?
– பள்ளி ஆசிரியை, திண்டுக்கல்

1959-ஆம் ஆண்டு இலையுதிர் காலம் வரை, திபெத்தை ஒட்டிய நம் எல்லையில் காவல் இருந்தவர்கள் காவல்துறையினர்தாம். அந்த ஆண்டு அக்டோபர் 20 அன்று, வடகிழக்கு லடாக்கிலுள்ள ஹாட் ஸ்பிரிங்ஸ் என்னும் இடத்திலிருந்து மூன்று குழுக்கள் மேற்கொண்டு செல்லவேண்டிய வழியைப் பார்த்துவரப் புறப்பட்டன. இரண்டு குழுக்கள் பிற்பகலில் திரும்பிவிட்டன. காவலர் இருவரும் சுமைதூக்குபவர் ஒருவரும் அடங்கிய மூன்றாவது குழு வரவில்லை. மறுநாள் காலை கரம் சிங் என்ற அதிகாரியின் தலைமையில் ஏறத்தாழ 20 பேர், சிலர் குதிரையிலும் மற்றவர்கள் நடந்தும், அவர்களைத் தேடிச் சென்றார்கள். நண்பகல் வாக்கில் குன்றின்மேல் இருந்த சீனப் படையினர் அவர்களைச் சுட்டார்கள். கையெறி குண்டுகளையும் வீசினார்கள். ஒதுங்க மறைவில்லாத அந்த இடத்தில் நம் காவலர் பத்துப் பேர் உயிரிழந்தார்கள். அவர்களுடைய உடல்களைச் சீனத் தரப்பு நவம்பர் 13 அன்றுதான் ஒப்படைத்தது. ஹாட் ஸ்பிரிங்ஸிலேயே காவல்துறையின் முழு மரியாதையுடன் தகனம் நடந்தது. 1960 ஜனவரியில் கூடிய மாநிலக் காவல்துறைத் தலைவர்களின் மாநாடு, அக்டோபர் 21-ஐ நினைவு நாளாக ஆண்டுதோறும் அனுசரிக்க முடிவு செய்தது.

உங்கள் மாணவர்களுக்குத் தேதியைவிட முக்கியமாக ஒன்றைச் சொல்லுங்கள். அன்று காலை புறப்பட்டவர்கள் போருக்குப் போனவர்கள் அல்லர். திரும்பி வராத மூன்று பேரைத் தேடிப் போனவர்கள்.

அணிவகுப்பு, மலர்வளையம், குண்டு முழக்கம் என்று ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும் அரசு நிகழ்ச்சி இறந்தவர்களுக்குப் போதுமான மரியாதை ஆகுமா?
– ஓய்வு பெற்ற வங்கி ஊழியர், தஞ்சாவூர்

அந்த நிகழ்ச்சியைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். ஆயுதப்படைக் காவலர்கள் துப்பாக்கியின் வாயைத் தரையை நோக்கித் திருப்பி, அதன் கட்டைமீது கைகளை வைத்துத் தலைகுனிந்து நிற்கும் வேளையில், முந்தைய செப்டம்பர் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை நாடெங்கும் பணியின்போது உயிரிழந்தவர்களின் பெயர்கள் நினைவுகூரப்படுகின்றன. எங்கோ ஒரு மாநிலத்தில் இறந்த கடைநிலைக் காவலரின் பெயரை இங்குள்ள உயரதிகாரிகள் அசையாமல் நின்று கேட்கிறார்கள் என்பது சிறிய செய்தி அன்று.

குறை வேறோர் இடத்தில் இருக்கிறது. பெயர் சொல்லப்படுகிறது, அவர் என்ன செய்துகொண்டிருந்தபோது இறந்தார் என்பது பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் கிடைத்த நடுகற்களில் ஒன்று, தமிழ் பிராமி எழுத்துகளில், இறந்தவனின் பெயரையும் அவன் சாவு கூடலூர் ஆநிரைப் பூசலில், அதாவது மாடுகளைக் கவரும் சண்டையில், நிகழ்ந்தது என்பதையும் சேர்த்தே சொல்கிறது. சில சொற்களே உள்ள கல்வெட்டிலும் நிகழ்ச்சிக்கு இடம் கொடுத்தார்கள் நம் முன்னோர்.

இந்த மரபை இன்று உயிரோடு வைத்திருக்கும் ஊர் என்று திருப்பத்தூரைச் சொல்வேன். 1980 ஆகஸ்ட் 6 அன்று, பிடிபட்ட நக்சலைட்டுகளைக் காரில் கொண்டுசெல்லும் வழியில் வெடிகுண்டு வெடித்து, ஆய்வாளர் பழனிச்சாமியும் ஆதிகேசவலு, ஏசுதாஸ், முருகேசன் ஆகிய காவல்துறையினர் மூவரும் உயிரிழந்தனர். அதன்பின் காவல்துறை அதிகாரி வால்டர் தேவாரம் தலைமையில் நடந்த தேடுதல் வேட்டைக்குப் பழனிச்சாமியின் மகளுடைய பெயரையே சூட்டி ‘ஆபரேஷன் அஜந்தா’ என்றார்கள். இன்றும் ஆகஸ்ட் 6 அன்று அங்கே அந்த நால்வருக்கும் அஞ்சலி செலுத்தப்படுகிறது. அக்டோபர் 21 நாடு முழுமைக்கும் பொதுவான நாள். ஒவ்வொரு மாவட்டமும் தன் மண்ணில் வீழ்ந்தவருக்கென்று இப்படித் தனியாக ஒரு நாளையும் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

காவல் நிலையத்தில் நடந்த கொடுமைகளைப் படித்தபின் எனக்கு இந்த அஞ்சலியில் மனம் ஒன்றவில்லை. இது தவறா?
– இளம் வழக்கறிஞர், திருநெல்வேலி

தவறில்லை. உங்கள் பக்கத்து மாவட்டத்தையே பார்ப்போம். 2020 ஜூன் மாதம் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவல்துறையின் பிடியில் சித்திரவதைக்கு ஆளாகி இறந்தார்கள். அதே தூத்துக்குடி மாவட்டத்தில், அதே ஆண்டு ஆகஸ்ட் 18 அன்று, தேடப்பட்டுவந்த ரவுடி ஒருவரைப் பிடிக்கச் சென்ற காவலர் சுப்பிரமணியன் நாட்டு வெடிகுண்டு வீச்சில் கொல்லப்பட்டார். இரண்டும் இரண்டு மாத இடைவெளியில் நடந்தவை. முதல் நிகழ்ச்சிக்குப் பொறுப்பானவர்கள் தண்டிக்கப்பட வேண்டும் என்று கேட்பதற்கும், இரண்டாவது நிகழ்ச்சியில் உயிர்விட்டவரை வணங்குவதற்கும் இடையே எந்த முரணும் இல்லை. சுப்பிரமணியனின் சாவைக் காட்டி சாத்தான்குளத்தை மறக்கச் சொன்னால் அது இறந்தவருக்கே இழுக்கு. சாத்தான்குளத்தைக் காட்டி அவருக்கு அஞ்சலியை மறுத்தால், அந்தக் கொடுமையில் எந்தப் பங்கும் இல்லாத ஒருவரைத் தண்டிப்பதாகிவிடும். சட்டத்தை மதித்து நடந்த காவலரின் நினைவைக் காப்பாற்றும் துறைக்கே, சட்டத்தை மீறியவரைத் தன் ஆள் என்று காப்பாற்றக் கூடாது என்ற தெளிவு கூடுதலாக வேண்டும்.

மற்ற நாடுகளிலும் இப்படி ஒரு நாள் உண்டா?
– கல்லூரி மாணவர், சேலம்

உண்டு. அமெரிக்காவில் 1962-இல் அதிபர் கென்னடி காலத்தில் மே 15 நினைவு நாளாக அறிவிக்கப்பட்டது. ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் செப்டம்பர் 29-ஐ அனுசரிக்கின்றன. நம் தேசியக் காவலர் நினைவகம் 2018 அக்டோபர் 21 அன்று தில்லி சாணக்கியபுரியில் திறக்கப்பட்டது. 34,000-க்கும் மேற்பட்ட பெயர்களைத் தாங்கிய சுவரும் 30 அடி உயர ஒற்றைக் கருங்கல்லும் அங்கே இருக்கின்றன. தில்லி செல்லும்போது பார்த்துவாருங்கள்.

எங்கள் தெருவில் பணியின்போது இறந்த காவலரின் குடும்பம் வசிக்கிறது. முதல் மாதம் வந்தவர்கள் இப்போது யாரும் வருவதில்லை. அண்டை வீட்டாராக நாங்கள் என்ன செய்ய முடியும்?
– இல்லத்தரசி, விழுப்புரம்

அம்மா, இந்த முறை வந்த கடிதங்களில் உங்களுடையதே என்னை மிகவும் யோசிக்க வைத்தது. சடங்குகள் முடிந்தபின் அந்த வீட்டில் மிஞ்சுவது பெரும்பாலும் காகித வேலை. தாசில்தார் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ், குடும்ப ஓய்வூதியம், பணிக்கொடை என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக அலைய வேண்டும். கருணை அடிப்படையிலான அரசு வேலைக்கு, இறந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பது தமிழக அரசின் விதி. துக்கத்தில் நாள் போவது தெரியாமல் போய்விடும் என்பதால், அந்தக் கெடுவை யாராவது நினைவூட்டவேண்டும். விண்ணப்பத்தின் நகலையும் அலுவலகம் தந்த ஒப்புகைச் சீட்டையும் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் படித்த பிள்ளை இருந்தால், அந்த அம்மாவுடன் ஒருமுறை மாவட்டக் காவல் அலுவலகத்துக்குப் போய்வரட்டும்.

இன்னொன்று, நீங்கள் பொதுமக்களாக இருப்பதால்தான் கேட்கக் கூடியது. 2021 நவம்பரில் திருச்சி நவல்பட்டு காவல் நிலையத்தின் சிறப்பு உதவி ஆய்வாளர் பூமிநாதன், நள்ளிரவில் ஆடு திருடர்களை இருசக்கர வாகனத்தில் துரத்திச் சென்று, புதுக்கோட்டை மாவட்டம் கீரனூர் அருகே வெட்டிக் கொல்லப்பட்டார். அப்போது அவர் தனியாக இருந்தார். அரசு அந்தக் குடும்பத்துக்கு 1 கோடி ரூபாய் வழங்கியது. அது கட்டாயம் செய்யவேண்டியதுதான். ஆனால் இரவு ரோந்துக்கு ஒருவரை மட்டும் அனுப்பக்கூடாது, போதிய ஆட்களை நியமிக்க வேண்டும் என்ற கோரிக்கையைக் காவலர்கள் தாங்களே தெருவில் இறங்கிக் கேட்க முடியாது. சங்கம் அமைக்கும் உரிமை அவர்களுக்குக் கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது. உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் அதை நீங்கள் கேட்கலாம். தெருவில் பத்து வீடுகள் கையெழுத்திட்டு ஒரு மனு கொடுத்தாலும் அது பதிவாகும்.