நரம்பு நோய் ஆராய்ச்சியில ஆர்ஏ (ஆராய்ச்சி உதவியாளர்) வேலை வந்திருக்கு, போகலாமா?

"பயோமெடிக்கல் முடிச்சிட்டேன், பரம்பரையா வர்ற நரம்புச் சிதைவு நோய் பத்தின ஆராய்ச்சிக்கு ஒரு யுனிவர்சிட்டியில ஆர்ஏவா கூப்பிட்டிருக்காங்க, வீடு மலேசியாவுல சுங்கை சிப்புட், அந்த நோய் ஒட்டிக்கும்னு அம்மா வேணாங்கிறாங்க"ன்னு கேட்டிருந்தீங்க.

நானும் சுங்கை சிப்புட் தான் தங்கச்சி, டவுன்லருந்து உள்ள போற தோட்டத்துல லயத்து வீட்டுல வளந்தவ. இதே மாதிரி வேலையில ரெண்டு வருஷம் இருந்தேன். முதல்ல அம்மாகிட்ட சொல்லிடுங்க, இது ஒட்டாது, ஜீன்ல வர்றது, ரத்தம் எடுக்கிறவங்களுக்கோ கூட உக்காந்து சாப்பிடுறவங்களுக்கோ வராது.

லேப் வேலை பயப்படுற அளவுக்கு ஒன்னும் இல்ல. ஊதா மூடி ட்யூப்ல ரத்தம் வரும், டிஎன்ஏ பிரிச்சு, பிசிஆர் போட்டு அந்தத் துண்டைப் பெருக்கி, மெஷின்ல ஓட்டி சிஏஜிங்கிற மூனு எழுத்து எத்தனை தடவை திரும்பத் திரும்ப வருதுன்னு பாக்கணும். எஸ்சிஏ1னு, சிறுமூளை கெட்டு நடை தள்ளாடுற ஒரு வகை இருக்கு, அதுல சாதாரணமா 30 பக்கம் இருக்கும், 39ஐத் தொட்டாலே நோய், ஆனா நடுவுல சிஏடின்னு ஒரு எழுத்து மாறி குறுக்க வந்தா தப்பிச்சவங்களும் இருக்காங்க, அதனால நம்பரை மட்டும் பாத்து முடிவு பண்ண முடியாது. அந்த ஜீனை 1993ல ஹூடா சோக்பி, ஹாரி ஓர்னு ரெண்டு பேர் வேற வேற லேப்ல ஒரே நாள்ல, ஏப்ரல் 8 அன்னிக்கு கண்டுபிடிச்சாங்க. இன்னிக்கு வரைக்கும் நோயைத் தீர்க்க மருந்து இல்ல. 2005ல தமிழ்நாட்டு டாக்டருங்க ஒரு தமிழ்ச் சமூகத்துல இந்த எஸ்சிஏ1 ரொம்ப அதிகமா இருக்குன்னு எழுதியிருக்காங்க, அதைப் படிச்ச அன்னிக்கு எனக்கு தூக்கம் வரல, ஏன்னா நம்ம தாத்தா பாட்டிங்க கப்பல் ஏறி வந்ததும் அங்கருந்துதானே.

ஆனா வேலை லேப்ல இல்ல, மோட்டார்ல இருக்கு. செம்பனை ரோட்டுல போய் ஒவ்வொரு வீடா உக்காந்து குடும்ப மரம் வரையணும். ஆம்பளைக்கு கட்டம், பொம்பளைக்கு வட்டம், நோய் வந்தவங்களுக்கு உள்ள கருப்பு, இறந்தவங்களுக்கு குறுக்க ஒரு கோடு. தோட்டத்தை துண்டு போட்டு வித்ததுல ஒரே குடும்பம் ஈப்போ, கிள்ளான், ஜோகூர்னு சிதறிக் கெடக்கு, போன்ல பிடிச்சு பிடிச்சுதான் கட்டத்தை ரொப்பணும்.

ஒரு பாட்டி வீட்டுக்குப் போயிருந்தேன், தே ஓ (பால் இல்லாத டீ) போட்டுக் குடுத்துட்டு பக்கத்துலயே உக்காந்துக்கிட்டாங்க. அவங்க வீட்டுக்காரர் ரப்பர் மரத்துல நல்லா பால் வெட்டுவாராம். நாப்பது வயசுக்கு மேல கை பிசக ஆரம்பிச்சுது, கத்தி ஆழமா இறங்கி பட்டையில காயம், பால் மங்கு (கோப்பை) தூக்கினா பாதி கீழ, மர நிரையில தள்ளாடி நடப்பார். வேலை வாங்குற தண்டல், இவரு குடிச்சிட்டு வர்றாருன்னு சொல்லி வேலையை விட்டு நிறுத்திட்டார். "அவரு கள்ளுக்கடை வாசலையே மிதிச்சதில்லம்மா"ன்னு பாட்டி சொன்னாங்க. சிறுமூளை கெட்டுப்போனா நடை குடிகாரன் நடை மாதிரிதான் ஆகும், வாயும் குழறும், அப்புறம் யார் நம்புவா. வீட்டுல செய்வினைன்னு சொல்லி பூசாரிக்கு குடுத்த காசே ஒரு வருஷ சம்பளம் இருக்குமாம்.

நான் கேட்டுக்கிட்டே கட்டத்துல கருப்பு அடிச்சுக்கிட்டு இருந்தேன். அவரு, அவரு தம்பி, மூத்த பையன். பாட்டி திடீர்னு "எதுக்கும்மா என் புள்ளைய கருப்பாக்குற?"னு கேட்டாங்க. பதிலே வரல. அன்னிக்கிலருந்து வீட்டுல எழுத மட்டும்தான் செய்வேன், படம் ரூமுக்கு வந்துதான்.

சொந்தத்துல கல்யாணம் பண்ணதாலன்னு பாதி பேர் மருமகளைத் திட்டுவாங்க. இந்த வகைக்கு அது காரணமே இல்ல, அப்பாவோ அம்மாவோ ஒருத்தர்கிட்ட இருந்தா போதும், ஒவ்வொரு புள்ளைக்கும் பாதிக்குப் பாதி. அப்பா வழியா இறங்கினா எண்ணிக்கை நீண்டு இன்னும் சின்ன வயசுலயே ஆரம்பிக்கலாம். இதை மருமகள் முன்னாடியே சொல்லுங்க, சில வீட்டுல அந்த ஒரு நிமிஷத்துக்காகவே நம்மள மறுபடி கூப்பிடுவாங்க.

கஷ்டம் எங்கன்னா, தெரிஞ்சிக்கிட்டு சும்மா இருக்கிறதுல. பாட்டியோட பேரன், ரெண்டு சின்னப் புள்ளைங்க அவனுக்கு, நல்லா இருக்கான், ஒரு குறையும் இல்ல, ரத்தம் மட்டும் குடுத்தான். ஆராய்ச்சி ரிசல்ட்டை நாம சொல்லக்கூடாது, தெரிஞ்சிக்கணும்னா கிளினிக்ல கவுன்சலிங் முடிச்சிட்டு புது ரத்தம் குடுத்து முறையா பாக்கணும், நடுவுல வேணாம்னு விலகவும் உரிமை இருக்கு, நல்லா இருக்கிற சின்னப் புள்ளைங்களுக்கு பாக்கவே கூடாது. எல்லாம் சரிதான். ட்யூப்ல பேர் இல்ல, நம்பர்தான், ஆனா அந்த ஸ்டிக்கரை ஒட்டினதே நான். அப்புறம் ஒரு கல்யாணத்துல அவன் தட்டுல தண்ணி கிளாஸ் எடுத்துட்டு வந்தான், சுத்தி இருந்தவங்க எல்லாம் மாப்பிள்ளையைப் பாக்கிறாங்க, நான் அவன் கையைப் பாத்துக்கிட்டு இருந்தேன். "என்னக்கா, தண்ணி வேணாமா"ன்னு கேக்கிறான். என்ன ரிசல்ட்டுன்னு இங்கயும் சொல்ல மாட்டேன்.

சம்பளம் பத்தி சொல்லணும்னா, எனக்கு கான்ட்ராக்ட் ஆறு ஆறு மாசமா தான் போட்டாங்க, ஒரு தடவை கிராண்ட் (ஆராய்ச்சிக்கு வர்ற பணம்) தாமதமாகி மூனு மாசம் சம்பளமே வரல, கையில கொஞ்சம் வெள்ளி சேத்து வச்சுட்டுப் போங்க.

போகலாமான்னா, போங்க லா, வீட்டுக்குள்ள உக்காந்து தமிழ்ல பேசுறதுக்கு அங்க ஆள் வேணும், கன்சென்ட் பாரம் மலாய்லயும் இங்கிலீஷ்லயும்தான் இருந்துச்சு, நான்தான் ஒவ்வொரு வரியா பாட்டிக்கு சொன்னேன். இன்டர்வியூல ரெண்டு கேளுங்க, கான்ட்ராக்ட் எத்தனை மாசம், ரிசல்ட்டைப் பத்தி குடும்பத்துக்கு எடுத்துச் சொல்ற ஜெனடிக் கவுன்சலர் யாரு. ரெண்டாவதுக்கு "நீங்களே குடும்பத்துக்கிட்ட பேசிக்கலாம்"னு சிரிச்சுக்கிட்டே சொன்னாங்கன்னா, தேங்க்யூ சொல்லிட்டு எந்திரிச்சு வந்துடுங்க.