விற்கவா, வாடகைக்கு விடவா?

அன்புள்ள ஐயா,

நான் மாதச் சம்பளக்காரன். கையில் கொஞ்சம் சேமிப்பு உண்டு, மீதிக்குக் கடன் கிடைக்கும். பழைய வீடாக வாங்கிச் சீர்செய்து உடனே விற்றுவிடலாம் என்கிறார், கட்டட வேலை எடுத்துச் செய்யும் என் மைத்துனர். வாடகைக்கு விடுவோம், வாடகையே தவணையைக் கட்டிவிடும் என்கிறாள் மனைவி. யார் சொல்வது சரி?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

இரண்டு பேருமே செலவைக் குறைத்துச் சொல்கிறார்கள். மைத்துனர் கொஞ்சம் கூடுதலாகவே.

அவர் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். வீட்டின் விலை 100 என்று வையுங்கள். சீர்செய்ய 20. விற்பது 150-க்கு. லாபம் 30 என்பார். வாங்கும்போது பதிவுச் செலவு 5, விற்கும்போது தரகும் மற்றதும் 7. விலையும் சீர்செய்யும் செலவும் சேர்ந்த 120-ஐயும் ஆண்டுக்கு 10 சதவீத வட்டிக்கு வாங்கியிருந்தால் மாதம் 1; விற்று முடிக்க 8 மாதம். மிச்சம் 10. சுவரை உடைத்த பிறகுதான் குழாயும் மின்கம்பியும் எந்த லட்சணத்தில் இருக்கின்றன என்று தெரியும், 20 என்றது 24 ஆகும். மிச்சம் 6. வாங்க வந்தவர் கடன் கிடைக்காமல் பின்வாங்கி இன்னும் 4 மாதம் இழுத்தால் மிச்சம் 2. அதற்கும் வரி உண்டு. அடிக்கடி வாங்கி விற்கிறவரின் லாபத்தைப் பல நாடுகளில் தொழில் வருமானமாகவே பார்க்கிறார்கள்.

அமெரிக்காவில் இதைத் தொழிலாகச் செய்கிறவர்களிடம் ஒரு 70 சதவீதக் கணக்கு இருக்கிறது. சீர்செய்தபின் கிடைக்கும் விலையில் 70 சதவீதத்தை எடுத்து, அதில் பழுதுச் செலவைக் கழித்தால் வருவதற்கு மேல் கொடுத்து வாங்கமாட்டார்கள். நம் கணக்கில் அது 85. நாம் கொடுத்தது 100! வீட்டு விலையைக் கணிப்பதற்கே பெயர்போன ஸில்லோ நிறுவனம்கூட, வாங்கி விற்கும் பிரிவை மூடப்போவதாக 2021 நவம்பரில் அறிவித்தது. விலையைக் கணிப்பது நினைத்ததைவிடக் கடினமாக இருக்கிறது என்று காரணம் சொன்னார்கள்.

இனி உங்கள் மனைவியின் கணக்கு. அதே வீட்டுக்கு ஆண்டு வாடகை 8 என்போம். காலியாகக் கிடக்கும் மாதங்கள், பராமரிப்பு, சொத்துவரி, காப்பீடு எல்லாம் சேர்ந்து பாதியைத் தின்றுவிடும் என்று எடுத்துக்கொள்வது பழகியவர்களின் வழக்கம். கையில் 4. முழுக்கக் கடன் என்றால் வட்டி மட்டுமே 12. கடன் 40-க்குள் இருந்தால்தான் வட்டியாவது கட்டுப்படியாகும். சம்பளத்திலிருந்து மீதியைக் கட்டிக்கொண்டே வாடகையில் ஓடுகிறது என்று சொல்லித் திரிகிறவர்கள் நிறையப் பேர்.

ஆனாலும் நான் உங்கள் மனைவி பக்கம்தான். கடன் சின்னதாக இருந்தால், சந்தை சரியும்போது விற்காமல் காத்திருக்க அவருக்கு வழி இருக்கிறது. விற்பதற்கென்றே வாங்கியவருக்குக் கடந்து போகும் ஒவ்வொரு மாதமும் நட்டம். அதோடு அது முதலீடு இல்லை, இன்னொரு வேலை. ஆள் வரவில்லை, சரக்கு வரவில்லை என்று அலுவலக நேரத்தில் போன் வந்துகொண்டே இருக்கும்.

விற்றுத்தான் பார்க்கவேண்டும் என்று ஆசை இருந்தால், விலைபோகாவிட்டால் வாடகைக்கு விட்டுத் தாக்குப்பிடிக்கக்கூடிய வீடாகப் பார்த்து வாங்குங்கள். வேறு எதையும் தொடாதீர்கள்.

மைத்துனரிடம் வேலையைக் கொடுப்பதானால் கூலியையும் கெடுவையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வீடு விற்றாலும் விற்காவிட்டாலும் அவருக்குக் கூலி வந்துவிடும். லாபத்தில் பங்கு கேட்டால், நட்டத்திலும் பங்கு உண்டா என்று இப்போதே கேட்டுவிடுங்கள். என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.