பத்தில் ஒன்றும் சனிக்கிழமைச் சம்பளமும்

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஸ்தோத்திரம். திருப்பூர் பெருமாநல்லூர் ரோட்டுப் பக்கம் எட்டு தையல் மிஷின் போட்டு, பனியன் கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் செய்கிறேன். என்னிடம் ஏழு பேர் வேலை செய்கிறார்கள். மூன்று பேர் ஒடிசாப் பையன்கள், இரண்டு பேர் கணவன் இல்லாத பெண்கள். செக்கிங் வேலையை என் மனைவி பார்க்கிறாள். கம்பெனிக்காரர்கள் பில் பணத்தைத் தொண்ணூறு நாள் வரை இழுக்கிறார்கள். போன மாதம் ஜிஎஸ்டி நீங்கலாக 1,80,000 வந்தது. இரண்டு சனிக்கிழமை சம்பளம் முழுசாகப் போட முடியவில்லை, பாதி கொடுத்துச் சமாளித்தேன். ஆனால் கர்த்தருடைய கிருபையால் தசமபாகம் ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. பில்லில் பத்தில் ஒன்று, 18,000, சபைக் காணிக்கைக் கவரில் போட்டுவிட்டேன். வீட்டுச் செலவுக்கு 20,000 இரண்டு ரூபாய் வட்டிக்கு வாங்கினேன்.

இவ்வளவு செய்தும் ஆசீர்வாதம் வரவில்லையே என்று மனம் சோர்கிறது. போனில் ஒரு ஊழியக்காரர், காணிக்கைதான் விதை, விதைத்தது போதாது, இன்னும் விதை என்கிறார். சபைக் கட்டட நிதிக்கு 25,000 தருவதாக ஆண்டவரிடம் பொருத்தனை செய்திருக்கிறேன். அதனால் ஊரில் இருக்கும் அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷனைத் தள்ளிவைத்திருக்கிறேன். மச்சினன் பேங்க் லோனுக்கு ஜாமீன் கையெழுத்து கேட்கிறான். நாளைக்காகக் கவலைப்படாதிருங்கள் என்று பைபிளில் இருக்கும்போது சீட்டு, சேமிப்பு எல்லாம் அவிசுவாசமா? நானும் மனைவியும் பேசிப் பேசிச் சண்டையில்தான் முடிகிறது. அவள்தான் உங்களிடம் கேட்கச் சொன்னாள். பெயர் போட வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருப்பூர்

*

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதத்தில் ஒரு 'ஆனால்' வருகிறது. சம்பளம் முழுசாகப் போட முடியவில்லை, ஆனால் தசமபாகம் தவறியதில்லை. அந்த இடத்தைத் தாண்டி எனக்குப் படிக்க ஓடவில்லை. மற்றதெல்லாம் அப்புறம், முதலில் இதைப் பேசிவிடுவோம்.

நான் இருபது வருஷம் பனியன் கம்பெனிகளில் கணக்கு எழுதியவன். பைபிளைத் திறப்பதற்கு முன்னால் நோட்டைத் திறப்பது என் பழக்கதோஷம். உங்கள் அளவு யூனிட்டுக்கு உத்தேசமாக ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். கூலி ஏழு பேருக்கு 1,05,000. ஷெட் வாடகை 14,000. கரண்ட் 9,000. நூல், ஊசி, எண்ணெய், ஆட்டோ வாடகை எல்லாம் சேர்த்து 16,000. மிஷின் தவணை 18,000. ஆக 1,62,000. மீதி 18,000. அதாவது நீங்களும் உங்கள் மனைவியும் ஒரு மாதம் உழைத்ததற்கு மிஞ்சியது எவ்வளவோ, அவ்வளவும் கவருக்குள் போயிருக்கிறது. ஆயிரம் இரண்டாயிரம் முன்னே பின்னே இருக்கலாம், பெரிய வித்தியாசம் வராது. இரண்டு சனிக்கிழமையில் நிறுத்திய பாதிச் சம்பளம் எப்படியும் 26,000 இருக்கும். அதை வைத்துக்கொண்டு 18,000 காணிக்கை போட்டிருக்கிறீர்கள். போட்டது யாருடைய பணம்?

பில் தொகை உங்கள் வருமானம் அல்ல, தம்பி. ஏழு வீட்டு வருமானம் உங்கள் பேங்க் கணக்கு வழியாகப் போகிறது, அவ்வளவுதான். உங்கள் விளைச்சல் அந்த 18,000. அதில் பத்தில் ஒன்று 1,800. அதைச் சந்தோஷமாகக் கொடுங்கள். போதகர்களுக்கும் வயிறு உண்டு, அவர்கள் பிள்ளைகளுக்கும் பீஸ் கட்ட வேண்டும். கொடுப்பதை நான் ஒருநாளும் குறை சொல்ல மாட்டேன்.

தசமபாகம் என்றாலே மல்கியா 3:10 வாசிக்கப்படும். பண்டசாலைக்குக் கொண்டுவாருங்கள், வானத்தின் பலகணிகளைத் திறப்பேன். உங்களுக்கும் மனப்பாடமாக இருக்கும். அதே அதிகாரத்தில் ஐந்து வசனம் மேலே போய்ப் பாருங்கள். கர்த்தர் யாருக்கு விரோதமாகத் தாமே சாட்சியாக வருவேன் என்கிறார் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. சூனியக்காரர், விபசாரர், பொய்யாணை இடுகிறவர், அந்த வரிசையில் கூலிக்காரரின் கூலியை அபகரிக்கிறவர். விதவை, திக்கற்ற பிள்ளை, பரதேசி என்று பெயர் சொல்லி வருகிறது. பரதேசி என்றால் பிழைக்க வந்த வெளியூர்க்காரன். உங்கள் ஷெட்டில் ஒடிசாப் பையன்கள் மூன்று பேர், கணவன் இல்லாத பெண்கள் இரண்டு பேர். நீங்கள் அபகரித்தீர்கள் என்று நான் சொல்லவில்லை. தாமதமாயிற்று, தெரியும். ஆனால் லேவியராகமம் 19:13 தாமதத்தைப் பற்றித்தான் பேசுகிறது: "கூலிக்காரனுடைய வேலையின் கூலி விடியற்காலமட்டும் உன்னிடத்தில் இருக்கலாகாது." ஒரு ராத்திரிக்கே இந்தப் பேச்சு. சனிக்கிழமை சம்பளம் வாங்கி ஞாயிற்றுக்கிழமை அரிசி வாங்குகிற ஊர் நம்முடையது. அந்தப் பாதிச் சம்பளத்தில் எந்தப் பாதி அரிசி வாங்கியிருப்பார்கள்?

எங்கள் வீடு சோமனூர்ப் பக்கம். நான்கு தறி ஓடியது. ஆத்தா பிடியரிசி எடுக்கிறவர். உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டு, மாதம் ஒருமுறை சபைக்குக் கொண்டுபோவார். தறிக்காரர் இரண்டு பேருக்கு மத்தியானச் சோறு எங்கள் வீட்டில்தான். மொத்த அரிசியையும் அளந்து, அவர்களுக்கு உண்டானதை முதலில் உலைப் பானையில் கொட்டிவிடுவார். எங்களுக்கு அளந்த படியில் மட்டும்தான் கை வைத்துப் பிடி எடுப்பார். சின்ன வயதில் ஒருநாள், எல்லாம் ஒரே அரிசிதானே, கலந்த பிறகு எடுத்தால் என்ன என்று கேட்டேன். "அது அவங்க சோறு கண்ணு. அவங்க சோத்த அள்ளி நாம ஆண்டவருக்குக் குடுத்தா அது யாரு காணிக்க?" என்றார். ஆத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தாவீது ராஜா அர்வனாவின் களத்தை இனாமாக வாங்க மறுத்து, ஐம்பது சேக்கல் வெள்ளி எண்ணிக் கொடுத்த பிறகே பலிபீடம் கட்டினான் என்று சாமுவேல் இரண்டாம் புத்தகக் கடைசியில் இருக்கிறதல்லவா, அதைப் படிக்கிறபோதெல்லாம் எனக்கு அந்தப் படிதான் ஞாபகம் வரும்.

உங்களுக்குப் புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இருக்கிறதா என்றால், ஒரு சேவல் கதை இருக்கிறது. எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை, காணிக்கையாக வந்த பொருட்களை ஏலம் விடுகிறார்கள். பூவன் தார், இளநீர்க் குலை, மஞ்சள் கொத்து, பூசணி எல்லாம் போய்விட்டது. கடைசியில் ஒரு நாட்டுச் சேவல். ஏலம் விடுகிறவர் அதைக் காலைப் பிடித்துத் தூக்கிக் காட்டி, ஆயிரத்து எண்ணூறு ஒரு தரம் என்கிறார். ஒலிபெருக்கியில் என் பெயர் வர வேண்டும் என்ற ஆசையில் ஏற்றி ஏற்றி 2,600-க்கு எடுத்தேன். எல்லாரும் கைதட்டினார்கள். தட்டியவர்களில் எங்கள் தெரு மளிகைக்காரரும் ஒருவர். அவரும் எங்கள் சபைதான். மூன்று மாதப் பாக்கி, நாலாயிரத்துச் சொச்சம் நான் அவருக்குத் தர வேண்டும். வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டது ஒன்றுதான்: "கடைக்காரரு கைதட்டுனாரே, பாத்தீங்களா?" மறுநாள் சேவலை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அவர் கடைக்கே போனேன். அவர் சேவலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "காசாக் குடுங்கண்ணா" என்றார்.

சரி, கம்பெனிக்காரர்கள் இழுத்தடிப்பது. அது உங்கள் தப்பு இல்லை. வயலை அறுத்தவனின் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு எழுதியது அவர்களுக்கும் சேர்த்துத்தான். உத்யம் என்கிற சிறு, குறு நிறுவனப் பதிவு செய்திருக்கிறீர்களா? பைசா செலவில்லை. பதிவு எண்ணைப் பில்லில் அடியுங்கள். சிறு, குறு நிறுவனங்களுக்கான சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் தர வேண்டும். 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து வருமான வரியிலும் ஒரு பிடி வந்திருக்கிறது, 1961-ஆம் வருஷ வருமான வரிச் சட்டத்தில் அது 43பி எச் பிரிவு. கெடு தாண்டிய பாக்கியை, கொடுத்து முடிக்கும்வரை அந்தக் கம்பெனி செலவில் காட்ட முடியாது. நீங்கள் வாய் திறந்து கேட்டால் அடுத்த ஆர்டர் வராது என்பீர்கள். தெரியும். அதனால்தான் நம்பரை அடியுங்கள் என்கிறேன். மார்ச் மாதம் அவர்கள் ஆடிட்டர் உங்களுக்காகப் பேசுவார்.

இன்னொன்று. கூலிக்கென்று தனியாக ஒரு பேங்க் கணக்கு தொடங்குங்கள். பில் பணம் வந்த அன்றைக்கே கூலியை அதில் தள்ளிவிடுங்கள். கார்டை மனைவியிடம் கொடுங்கள். கவர் அப்புறம்.

விதை விஷயம். ஆயிரம் போட்டால் லட்சம் என்கிற மாதிரி போனில் ஊழியக்காரர் சொல்கிறாரே, இந்தப் பேச்சைக் கொங்கு நாட்டுக்காரர்கள் நாம் முன்பே கேட்டிருக்கிறோம். பெருந்துறைப் பக்கம் ஈமு கோழி என்று பணம் கட்டி 2012-இல் கதறிய கூட்டத்தில் எங்கள் சபைக்காரர்களும் இருந்தார்கள். முதல் மாதப் பணம் வந்ததும் ஆலயத்தில் சாட்சி சொல்லி ஸ்தோத்திரக் காணிக்கை போட்டவர்கள் அவர்கள். எனக்கு இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அங்கே கோழியாவது இருந்தது. பவுல் கொரிந்தியருக்கு விதைப்பு, அறுப்பு என்று எழுதியது எருசலேமில் இருந்த ஏழைகளுக்குப் பணம் திரட்டும்போது. உற்சாகமாய்க் கொடுக்கிறவன் என்ற வார்த்தையும் அங்கேதான் வருகிறது. வாங்கப்போகிறவர்கள் பசித்தவர்கள்.

அம்மா கண். இதில் எனக்குக் கொஞ்சம் கோபம், மன்னித்துக்கொள்ளுங்கள். மாற்கு ஏழாம் அதிகாரத்தில் இயேசு கொர்பான் என்ற வழக்கத்தைப் பிடித்து உலுக்குகிறார். பெற்றவர்களுக்கு உதவ வேண்டிய பொருளைக் காணிக்கை என்று சொல்லிவிட்டால் கடமை தீர்ந்தது என்பது அந்த வழக்கம். உங்கள் 25,000 அப்படியே கொர்பான். போதகரிடம் நேரில் போய், அம்மாவுக்கு ஆபரேஷன், பொருத்தனையைப் பிறகு செலுத்துகிறேன் என்று சொல்லுங்கள். நல்ல போதகராக இருந்தால் ஆபரேஷன் அன்றைக்கு ஜெபிக்க வருவார். கட்டடம் ஒரு வருஷம் தாமதமானால் ஒன்றும் ஆகாது. கண்புரையை முற்றவிடக் கூடாது.

மச்சினன் கையெழுத்து. போடாதீர்கள். பாவம் என்பதால் சொல்லவில்லை. 1872-ஆம் வருஷ ஒப்பந்தச் சட்டப்படி ஜாமீன்தாரன் பொறுப்பு கடன்காரன் பொறுப்புக்குச் சமம். அவனைக் கேட்டுவிட்டுத்தான் உங்களிடம் வர வேண்டும் என்று பேங்குக்குக் கட்டாயம் கிடையாது. எங்கள் அப்பா தன் சகலைக்குப் போட்டார். இரண்டு தறியை எடைக்கு விற்றுக் கட்டினார். இரும்புக்கடைக்காரர் தராசில் ஏற்றியபோது அப்பா மாடு கட்டும் தொண்டுப்பட்டிப் பக்கம் போய் நின்றுகொண்டார். கட்ட ஒன்றுமில்லாவிட்டால் நீ படுத்திருக்கும் படுக்கையையும் எடுத்துக்கொள்வானே என்று நீதிமொழிகள் 22-இல் இருக்கிறது. அப்பாவின் பைபிளில் அந்த இடத்தில் பென்சில் கோடு இருக்கிறது. எப்போது போட்ட கோடோ. மச்சினனுக்கு உதவ மனமிருந்தால், திரும்பி வராவிட்டாலும் பரவாயில்லை என்கிற ஒரு தொகையைக் கையில் கொடுங்கள். ஒறம்பரையில், அதாவது சொந்தபந்தத்தில், இரண்டு வருஷம் முகம் தூக்கி வைத்திருப்பார்கள். உங்கள் மனைவிக்குத்தான் கஷ்டம், அவரோடு பேசி முடிவெடுங்கள்.

சேமிப்பு அவிசுவாசம் இல்லை. யோசேப்பு எகிப்தில் ஏழு வருஷம் விளைச்சலில் ஐந்தில் ஒன்றைச் சேர்த்துவைத்தான். களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்த ஐசுவரியவானை மதிகேடன் என்று சொன்னதும் அதே பைபிள்தான். முன்னவன் ஊருக்குச் சேர்த்தான், பின்னவன் தன் ஆத்துமாவைப் பார்த்து இளைப்பாறு, புசி, குடி என்றான். உங்களுக்கு முதலில் வேண்டியது இரண்டு வாரக் கூலி கையிருப்பு. சீட்டு போடுவதானால் பதிவு பெற்ற இடத்தில் போடுங்கள். அதற்கும் முன்னால் அந்த 20,000-ஐ அடையுங்கள். இரண்டு ரூபாய் வட்டி என்றால் காதுக்குச் சின்னதாகத்தான் இருக்கிறது, வருஷத்துக்கு 24 சதவீதம்.

பாக்கிச் சம்பளத்தை வருகிற சனிக்கிழமையே கொடுக்கப் பாருங்கள். முழுசாக முடியாவிட்டால் ஏழு பேரையும் உட்காரவைத்து, இன்ன தேதிக்கு இவ்வளவு என்று நோட்டில் எழுதி அவர்கள் முன்னால் கையெழுத்துப் போடுங்கள். ஒடிசாப் பையன்களுக்குத் தமிழ் எழுத்து தெரியாது, எண்ணைப் பெரிதாக எழுதுங்கள். அம்மாவுக்கு ஆபரேஷன் தேதி குறித்ததும் எனக்கு ஒரு வரி போடுங்கள்.

அன்புடன்,
அண்ணா